குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: ஓஆர்எஸ் கலக்கும்போது இதைக் கவனியுங்கள்

போன கோடையில் என் ஒன்றரை வயது மகளுக்கு ஒரே நாளில் ஏழெட்டு முறை தண்ணீராகப் போனது. உடம்பில் குறைந்த நீரை ஈடுகட்டக் கொடுக்கும் உப்பு-குளுக்கோஸ் பொடியான ஓஆர்எஸ் பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். மறுநாள் டாக்டர் முதலில் கேட்டதே, "எவ்வளவு தண்ணியில கலக்குனீங்க?" என்றுதான்.

1. பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். ஏறக்குறைய 21 கிராம் உள்ள பெரியது 1 லிட்டருக்கு. 4 கிராம் சொச்சம் உள்ள சின்னது 200 மில்லிக்கு. முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கொட்டிக் கலக்க வேண்டும். பாதி பிரித்தால் உப்பும் குளுக்கோஸும் சமமாகப் பிரியாது. இரண்டும் சரியான அளவில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். கரைசல் கெட்டியாகிவிட்டால் பேதி அதிகமாகும், ரத்தத்தில் உப்பும் ஏறும். டம்ளர் கணக்கு வேண்டாம். எங்கள் வீட்டு டம்ளரை அளந்து பார்த்தேன், 150 மில்லிதான் பிடித்தது. காலி 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி, ஆறவைத்த தண்ணீரால் நிரப்பி அளந்துகொள்ளுங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

2. ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. பால் புட்டி வேண்டாம். பாலாடை அல்லது ஸ்பூன்தான் நல்லது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகத் திரும்பக் கொடுங்கள்.

3. "வயிறு காயட்டும்" என்று பட்டினி போடாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழைந்த தயிர்சாதம், இட்லி, வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள்.

4. ஜிங்க் மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் வழக்கமாகத் தினம் 20 மில்லிகிராம். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

கண் குழி விழுந்து துவண்டு கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிறகு சேர்த்தது: டப்பாவில் வரும் பழச்சுவை பானம் கொடுக்கலாமா என்று பலர் கேட்டார்கள். வேண்டாம், அதில் சர்க்கரை மிக அதிகம். அத்தகைய பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடவே 2025 அக்டோபரில் தடை வந்துவிட்டது. கடையில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட பொட்டலத்தையே கேளுங்கள்.