ஆங்கிலம் சரியாக இருக்கிறது, எழுதிய ஆள் எங்கே?

பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்லிச் சொல்லியே நமக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது. கல்லூரிகளுக்குக் குறைவில்லை. செயின்ட் ஜான்ஸ் 1878இல் வந்தது, செயின்ட் சேவியர்ஸ் 1923இல். இலக்கணப் பிழையில்லாமல் ஆங்கிலம் எழுதுகிற பிள்ளைகள் வருடாவருடம் இங்கிருந்து கிளம்புகிறார்கள். ஆனால் பத்துப் பேர் எழுதிய கட்டுரைகளைப் பெயரை மறைத்துக் கலைத்துப் போட்டால், எது யாருடையது என்று பெற்ற தாய்கூடச் சொல்ல முடியாது. அதே பத்துப் பேரும் ஜங்ஷன் டீக்கடையில் நின்று பேசினால் கண்ணை மூடிக்கொண்டே ஆளைச் சொல்லிவிடலாம்.

ஏன் இப்படி? நாம் ஆங்கிலத்தை மாட்டிக்கொள்ளாமல் எழுதப் பழகியிருக்கிறோம் என்பது என் கணிப்பு. சிவப்பு மையிலிருந்து தப்பிக்கிற வாக்கியம்தான் நல்ல வாக்கியம் என்று பள்ளியிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. ஏற்கெனவே யாரோ எழுதி, யாரோ சரி என்று தலையாட்டிய தொடர்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறோம். நமக்கென்று ஒரு நடை அமையாமல் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதுதான் மூத்தது.

இதில் முதலில் வரும் தவறு, கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் காதில் விழுந்த தொடரை எழுதுவது. 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடம் அறுந்தது பலருக்கு நினைவிருக்கும். கூட்டத்தில் நின்று பார்த்த ஒரு கல்லூரிப் பையனிடம் கேட்டால், “வடம் டப்புன்னு அத்துப் போச்சு அண்ணாச்சி. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் ஆளாளுக்குக் கத்த ஆரம்பிச்சிட்டாங்கல்லா” என்பான். அவனையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். “தி கார் ஃபெஸ்டிவல் வாஸ் செலிபிரேட்டட் வித் கிரேட் பாம்ப் அண்ட் கெயிட்டி” என்று வரும். வடமும் இல்லை, அந்தக் கொஞ்ச நேர அமைதியும் இல்லை. தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்கும் இதே வாக்கியத்தை ஒட்டலாம், ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படி வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அடித்துவிடலாம்.

பையன் வாயால் சொன்னதையே ஆங்கிலத்தில் வைத்தால் இப்படி இருக்கும்: “தி ரோப் ஸ்னாப்ட். ஃபார் எ மொமென்ட் நோபடி ஸ்போக். தென் எவ்ரிபடி டிட்.” எட்டாம் வகுப்புச் சொற்கள்தான். ஆனால் அந்தக் கடைசி மூன்று சொல்லில் அவனுடைய நக்கல் வந்து உட்கார்ந்துவிட்டது. அல்வா என்றால் மவுத்வாட்டரிங், குற்றாலம் என்றால் பிரெத்டேக்கிங், தாமிரபரணி என்றால் லைஃப்லைன். இந்த மூன்றையும் ஒரு வருடம் விலக்கி வைத்துப் பாருங்கள். அல்வாவைப் பற்றி உண்மையிலேயே என்ன தெரியும் என்று யோசிக்க வேண்டி வரும். கையில் ஒட்டும் நெய் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

அடுத்தது, பெரிய சொல் போட்டால் பெரிய ஆள் என்ற நினைப்பு. ஆங்கிலத்தில் ஒரே விஷயத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் கிடப்பதற்குக் காரணம் வரலாறு. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. தேவாலயத்திலும் படிப்பிலும் லத்தீன் ஏற்கெனவே இருந்தது. சாதாரண ஜனங்கள் பழைய ஆங்கிலத்தையே பேசினார்கள். அதனால்தான் இன்றைக்கும் பிகின், ஹெல்ப், பை எல்லாம் வீட்டுச் சொல்லாகவும் கமென்ஸ், அசிஸ்ட், பர்ச்சேஸ் எல்லாம் அலுவலகச் சொல்லாகவும் காதில் விழுகின்றன. நமக்கு ஆங்கிலம் அலுவலகம் வழியாக வந்ததால் நாம் வீட்டுக்குள்ளும் அலுவலகச் சொல்லையே போட்டுக்கொண்டு திரிகிறோம். “ஐ பெக் டு ஸ்டேட்”, “கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்” எல்லாம் மனு எழுதிய தாத்தா காலத்துச் சொத்து. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881இல் திருநெல்வேலி வரலாற்றை நீள நீளமான வாக்கியங்களில் எழுதினார் என்றால், அது அந்தக் காலத்து நடை, அவர் அதற்குள்ளேயே வளர்ந்தவர். நாம் அதை இன்றைக்கு எடுத்துப் போட்டால் இரவல் கோட்டு மாதிரி தோளில் நிற்காது.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் மறுபக்கம் விழுவார்கள். எல்லா வாக்கியமும் நான்கு சொல். ஒவ்வொரு வாக்கியமும் தனி வரி. லிங்க்ட்இன்னைத் திறந்தால் இதுதான். அதுவும் ஒரு சீருடைதான். தேர் வடத்தைப் பற்றிய வாக்கியங்கள் சின்னதாக இருப்பதற்குக் காரணம் நடந்தது சட்டென்று நடந்தது. ரத வீதியில் தேர் ஊர்ந்து ஊர்ந்து திரும்புவதைச் சொல்ல நீண்ட வாக்கியம்தான் ஒத்து வரும்.

சரி, ரசனைக்கு வருவோம். இதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் கூடியது. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பார், திரும்பப் படிப்பார், எந்த இடத்தில் தாளம் விழுகிறது, எந்தச் சொல் பாட்டைத் தூக்குகிறது என்று காட்டுவார். கம்பராமாயணத்தில் தனக்கு ஒவ்வாத பாடல்கள் கம்பர் எழுதியவையே அல்ல என்று தள்ளியும் வைத்தார். புலவர்களுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. அவர் முடிவுகளை நான் அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. ஆனால் இந்த வரி பிடிக்கிறது, அந்த வரி பிடிக்கவில்லை என்று விரலை வைத்துக் காட்டும் தைரியம் அவரிடம் இருந்தது. ஆங்கிலம் படிக்கும்போது நம்மிடம் இல்லாதது அதுதான். பெரிய எழுத்தாளர் என்றால் சூப்பர் என்கிறோம். பரிசு வாங்கிய நாவல் சலிப்பாக இருந்தால் நமக்குத்தான் புரியவில்லை போல என்று ஒதுங்கிவிடுகிறோம். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, படித்ததில் பிடித்த வாக்கியத்தையும் பிடிக்காத வாக்கியத்தையும் எழுதி, ஏன் என்று பக்கத்தில் குறியுங்கள். பிடிக்காததற்குக் காரணம் எழுதுவதுதான் கஷ்டம். அதில்தான் ரசனை வளரும்.

தினமும் ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கம் படி என்ற அறிவுரை நம் வீடுகளில் பரம்பரையாக வருகிறது. சொல்வளத்துக்கும் போட்டித் தேர்வுக்கும் அது போதும். நடைக்கு அதை மட்டும் மாதிரியாக வைப்பது தவறு. தலையங்கம் ஒரு நிறுவனத்தின் குரல், அதில் தனி ஆள் தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படி எழுதுகிறார்கள். கட்டுரை, பயணக் குறிப்பு, கடிதம், கிரிக்கெட் பத்தி என்று ஆள் தெரிகிற எழுத்தைக் கூடவே படிக்க வேண்டும்.

வெறுமனே படித்துக்கொண்டே இருப்பதும் போதாது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளம் வயதில் செய்த பயிற்சி இன்றைக்கும் வேலை செய்கிறது. லண்டனில் 1711இல் தொடங்கிய ஸ்பெக்டேட்டர் பத்திரிகைக் கட்டுரைகளில் பிடித்ததை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சின்னக் குறிப்பாக எழுதி வைப்பார். சில நாள் தள்ளிப்போடுவார். பிறகு மூலத்தைப் பார்க்காமல், குறிப்பை வைத்துத் தன் சொற்களில் முழுக் கட்டுரையையும் எழுதி, மூலத்தோடு ஒப்பிடுவார். எங்கே தன்னுடையது இளைத்திருக்கிறது என்று தெரியும். அபூர்வமாகச் சில இடத்தில் தன்னுடையதே மேல் என்றும் தோன்றும், அது தரும் தெம்பு தனி. இதற்கு ஒரே எழுத்தாளரைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஆளை மாற்றி மாற்றிச் செய்யாவிட்டால் அவருடைய இருமல்கூட உங்களுக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஊர் விஷயத்தில் இரண்டு தவறுகள். ஒன்று, ஆங்கிலத்தில் எழுதுவதற்கு நம்ம ஊர் ஆகாது என்று நினைப்பது. திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்தில் 1872இல் பிறந்த அ. மாதவையா, பாளையங்கோட்டையில் 1785இல் தேவாலயம் கட்டிய கிளாரிந்தாவின் கதையை 1915இலேயே ஆங்கில நாவலாக எழுதிவிட்டார். இன்னொன்று, ஊரை வெளியாளுக்கு வேடம் கட்டிக் காட்டுவது. வாக்கியத்துக்கு ஒரு அய்யோ, ஒரு அருவாள், சாய்வெழுத்தில் இட்லி, பக்கத்திலேயே ஸ்டீம்ட் ரைஸ் கேக் என்ற விளக்கம். யாரும் தன் வீட்டு இட்லியை அப்படிப் பார்ப்பதில்லை. யார் சாப்பிட்டார், எத்தனை சாப்பிட்டார், யாருக்கு மிச்சம் வைக்கவில்லை என்று எழுதினால் இட்லி தானாகப் புரியும். நம் பேச்சில் இருக்கிற குத்தலும், ஒன்றைச் சொல்லாமல் சொல்கிற பழக்கமும் எளிய ஆங்கிலத்திலேயே வரும், அதற்கு டா போட வேண்டியதில்லை.

எழுதியதை வாய்விட்டுப் படிக்காமல் அனுப்புவது சின்னத் தவறுபோலத் தெரியும். மூச்சு எங்கே முட்டுகிறது, எந்த இடத்தில் உங்கள் வாயே கூசுகிறது என்று வேறு எப்படியும் தெரியாது. வீட்டில் கேட்பார்களே என்று வெட்கமாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போங்கள்.

கடைசியாக, இப்போது எல்லோரும் செய்வது: கிராமர்லியோ சாட்ஜிபிடியோ திருத்தித் தந்ததை அப்படியே ஏற்றுக்கொள்வது. காற்புள்ளி, ஒருமை பன்மை, ஆர்ட்டிகிள் எல்லாம் அவை பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் வாக்கியத்தையே மாற்றித் தரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். “மை கிராண்ட்மதர் டஸ் நாட் ட்ரஸ்ட் தி ஃப்ரிட்ஜ்” என்று ஒரு பெண் எழுதுகிறாள் என்று வையுங்கள். அதை “மை கிராண்ட்மதர் இஸ் ஸ்கெப்டிகல் ஆஃப் மாடர்ன் அப்ளையன்சஸ்” என்று மெருகேற்றிக் கொடுத்தால் பார்வைக்கு இன்னும் நல்ல ஆங்கிலமாகத் தெரியும், அவளும் சரி என்று தட்டிவிடுவாள். ஆனால் பாட்டிக்கு நம்பிக்கை இல்லாதது ஃப்ரிட்ஜ் மேல் மட்டும்தான். மிக்ஸியை அவர் தினமும் ஓட்டுகிறார்.