சசானிய வெள்ளிக்காசில் ராஜாவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய பாரசீகக் காசு, குறிப்பாக அரபு ஆட்சிக்கு முன் அங்கே ஆண்ட சசானிய அரசர்களின் காசு, சேர்க்கத் தொடங்கியவர்கள் படம் அனுப்பி, "இது யார் காசு?" என்று கேட்கும்போதெல்லாம் நான் செய்த அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். போலியைக் கண்டுபிடிப்பது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது உருவங்களைப் படிப்பதில் நடக்கும் தவறுகளை.

முகத்தை வைத்து அரசரைச் சொல்வது

மூக்கும் தாடியும் அச்சு வெட்டியவரின் கைவேலை. அடையாளம் கிரீடத்தில் இருக்கிறது. பேரோஸ் மாதிரிச் சில அரசர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிரீடம் உண்டு. அதற்காக, கிரீடத்தில் இறக்கை தெரிந்ததுமே இரண்டாம் குஸ்ரோ என்று முடிவு கட்டாதீர்கள். வெற்றித் தெய்வம் வெரத்ரக்னாவைக் குறிக்கும் இறக்கை இரண்டாம் பஹ்ராம் கிரீடத்திலும் இருக்கிறது.

ஓரத்தைப் பார்க்காமல் விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. முன்பக்கம் இரண்டாம் குஸ்ரோவின் தலை, பின்பக்கம் அக்கினிப் பீடமும் இரண்டு காவலர்களும், எல்லாம் சரியாக இருக்கிறதே என்று ஒரு காசைச் சாதாரண குஸ்ரோ விலைக்குக் கொடுத்துவிட்டேன். பல மாதம் கழித்து, எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வட்டக் கோட்டுக்கு வெளியே, வலது கீழ்ப்புறம், மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில், கூஃபி என்ற பழைய அரபு எழுத்தில் "பிஸ்மில்லாஹ்". அரபு ஆளுநர்கள் அடித்த காசு அது! 651இல் சசானியப் பேரரசு முடிந்த பிறகும், மக்கள் கைக்குப் பழகிய காசு என்பதால் பழைய அரசரின் தலை, அக்கினிப் பீடம் எதையும் எடுக்காமல் ஓரத்தில் இறைவன் பெயரை மட்டும் சேர்த்தார்கள். அதே இடத்தில் குஸ்ரோவின் சொந்தக் காசுகள் பலவற்றில் "அஃபித்" என்ற பஹ்லவிச் சொல் (பஹ்லவி அக்காலப் பாரசீக எழுத்து) இருக்கும், அதுதான் என்று நினைத்து நான் தாண்டிப் போயிருக்கிறேன். அப்புறம் பின்பக்க ஆண்டு எண்ணையாவது படித்திருக்கலாம். பீடத்துக்கு இடப்பக்கம் அரசரின் ஆட்சியாண்டு, வலப்பக்கம் காசு அடித்த இடம். குஸ்ரோ ஆண்டது 590 முதல் 628 வரை. அவர் காசில், நான் விற்றதில் இருந்தது போல, 47 என்று எப்படி வரும்?

பின்பக்க இருவரையும் பூசாரி என்பது

முதலாம் ஷாபூர் காசில் இருவர் தலையிலும் கிரீடம் இருக்கிறது, பாருங்கள். முதலாம் அர்தஷீர் காசில் ஆளே கிடையாது.

தேய்த்துக் கழுவுவது

வேண்டாம். மெல்லிய தகடு, சுமார் 4 கிராம், உடைந்துவிடும்.

பார்த்தியக் காசில் "அர்சாகேஸ்" என்பதை அரசர் பெயராக எழுதுவது

சசானியருக்கு முன் ஆண்ட பார்த்திய வம்சத்தைத் தொடங்கியவர் பெயர் அது. பின்னால் வந்தவர்களும் அதையே போட்டுக்கொண்டார்கள்.