இரவுப் பணியில் மயக்கவியல் மருத்துவரின் கவனம் பிசகாதிருக்க

மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களுக்கு நான்குவழிச் சாலை விபத்துகளும் அவசரப் பிரசவங்களும் நேரம் பார்த்து வருவதில்லை. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மாடுபிடிக் காயங்களும் சேர்ந்துகொள்ளும். அத்தகைய இரவில் நன்கு படித்தவருக்கும் கை பிசகும் என்பதால், முன்னேற்பாட்டைப் பகலிலேயே தொடங்க வேண்டும்.

டியூட்டிக்கு முந்தைய மதியம் கட்டாயம் தூங்குங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மி.லி. இரத்தத்தில் 50 மி.கி. மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. வண்டி ஓட்ட நம் சட்டம் விதிக்கும் வரம்போ 30 மி.கி. மட்டுமே. அதிகாலையில் உடல் தானே துவளும். எனவே கேஸ் இல்லாத இடைவேளையில் காபி குடித்துவிட்டு 20 நிமிடம் கண்ணயருங்கள். காபி வேலை செய்யத் தொடங்கும்போது எழுந்துவிடலாம்.

சிரிஞ்சில் மருந்து எடுக்கும்போது எவரிடமும் பேச வேண்டாம். ஆம்பூலின் (மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பி) பெயரை வாய்விட்டுப் படித்து, மருந்தை எடுத்த கையோடு லேபிள் ஒட்டுங்கள். தசை தளர்த்தும் மருந்துக்குச் சிவப்பு, ஓபியாய்டு வகை வலிநிவாரணிக்கு நீலம் என்ற முறை இருந்தாலும் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. லேபிள் இல்லாத சிரிஞ்சில் இருப்பது என்னவென்று நன்றாக நினைவிருந்தாலும் அதைக் கொட்டிவிடுங்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, கண்ணெதிரே ஆபத்து தெரிந்தும் சொல்லத் தயங்கும் வழக்கம்தான். 2005-இல் இங்கிலாந்தில் சாதாரண சைனஸ் அறுவைக்கு வந்த எலேன் புரோமிலிக்கு மயக்கம் கொடுத்தபின் சுவாசப் பாதையைக் காக்க முடியாமல் போனது. அனுபவமிக்க மருத்துவர்கள் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகும் முயற்சியிலேயே மூழ்கியிருக்க, கழுத்தில் துளையிடும் கருவிகளைச் செவிலியர் கொண்டுவந்து வைத்தும் அவர்கள் மனம் அதில் செல்லவில்லை. எலேன் பின்னர் இறந்துபோனார். ஆகவே மயக்கம் கொடுக்குமுன்பே, “சிஸ்டர், குழாய் செருகும் முயற்சி மூன்று முறை ஆகிவிட்டால் உரக்கச் சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். “சார், மூன்று முறை ஆகிவிட்டது, சாச்சுரேஷன் (இரத்த ஆக்சிஜன் அளவு) இறங்குகிறது” என்ற குரல் கேட்டதும் குழாய் செருக உதவும் லாரிங்கோஸ்கோப்பை வைத்துவிட்டு, ஆக்சிஜன் செலுத்தும் அடுத்த வழிக்கு மாற வேண்டும். அப்போது முகம் சுளித்தால், அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார்.

காலையில் நோயாளியை ஒப்படைக்கும்போது கொடுத்த மருந்து, இழந்த இரத்தம், எஞ்சிய கவலை ஆகியவற்றைச் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திருமங்கலம், மேலூர் எனத் தொலைவில் வீடுள்ளவர்கள் ஓய்வறையில் தூங்கி எழுந்த பின்பே வண்டியை எடுக்க வேண்டும். அவசரமாயின் பேருந்தில் செல்லலாம்.