லேத் டிரைவ் எரிந்ததற்குக் காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேத்தின் ஸ்பிண்டில் (ஜாபைச் சுழற்றும் தண்டு) மோட்டாரை ஓட்டும் வி.எஃப்.டி. டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) எரிந்துவிட்டால், பழுது அதற்குள்ளேயே இருக்கிறது என்று முடிவுகட்டிப் புதிய டிரைவை அதே கேபிளில் மாட்டிவிடுவதுதான் பட்டறைகளில் நடக்கும் பெரிய தவறு. உள்ளிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் ஐ.ஜி.பி.டி. என்ற செமிகண்டக்டர் ஸ்விட்ச் வெடித்ததற்கான காரணம் பல வேளைகளில் மோட்டாரிலோ கேபிளிலோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்காவிட்டால் புதிய டிரைவும் முதல் ஸ்டார்ட்டிலேயே போய்விடலாம்.

டிஸ்ப்ளே அணைந்துவிட்டது என்பதை நம்பி மூடியைக் கழற்றிக் கைவைப்பது உயிருக்கே ஆபத்தானது. 415 வோல்ட் சப்ளையில் டிரைவின் டி.சி. பஸ் (ஏ.சி.யை டி.சி.யாக மாற்றித் தேக்கும் உள்பகுதி) ஏறத்தாழ 587 வோல்ட்டில் நிற்கும். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். மூடியில் குறிப்பிட்டுள்ள நேரம்வரை காத்திருந்து, டி.சி. பஸ் டெர்மினல்களுக்கிடையே மீட்டர் வைத்து வோல்ட்டேஜ் முழுவதும் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஃபால்ட் கோடைக் குறித்துக்கொள்ளாமல் ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதும் தவறு. ஸ்டார்ட் ஆனவுடன் ஓவர் கரண்ட் காட்டினால் ஷார்ட்டையோ இறுகிய ஸ்பிண்டிலையோ சந்தேகிக்கலாம். நிறுத்தும்போது ஓவர் வோல்ட்டேஜ் காட்டினால், நிற்கும் நேரத்தை மிகக் குறைவாக வைத்திருக்கலாம், அல்லது பிரேக்கிங் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம். எந்தக் கட்டத்தில் டிரிப் ஆனது என்று ஆபரேட்டரிடம் கேட்பது, மீட்டரை எடுப்பதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடும்.

மோட்டார் கேபிளை டிரைவிலிருந்து கழற்றாமல் மெக்கர் (500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போட்டால், நன்றாக இருக்கும் டிரைவையும் அந்த 500 வோல்ட் கெடுத்துவிடும். மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ வயர்கள் மூன்றையும் கழற்றி, மோட்டாரையும் கேபிளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மூன்று காயில்களும் ஒரே ஓம்ஸ் காட்டுவது இன்சுலேஷன் நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. மெக்கர் ரீடிங் 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள்: கிளாண்ட் (கேபிள் நுழையும் இடத்தை அடைக்கும் பூட்டு) வழியாகக் கசிந்த கூலன்ட் ஸ்டட்களில் பச்சையாகப் பூத்திருக்கும், அதில் இரும்புத் தூளும் அப்பியிருக்கும்.

மோட்டார் ஓடும்போதே டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள காண்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) திறந்து இணைப்பைத் துண்டிக்கும்படி வயரிங் செய்யப்பட்டிருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். புதிய டிரைவை மாட்டியதும் நேரே ஜாபை ஏற்றாமல், லோடு இல்லாமல் ஓட்டி, மூன்று ஃபேஸ்களிலும் ஆம்பியர் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்று கிளாம்ப் மீட்டரில் பாருங்கள்.