வேகப் படகில் இரவு தங்க: எதை ஏற்றலாம், எங்கே வைக்கலாம்

சிகரெட் நிறுவனத்தின் 38 டாப் கன் போன்ற வேகப் படகு 38 அடி நீளம் இருக்கும். அகலமோ 8 அடிதான். கேபினுக்குள் உட்காரலாம், படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸின் பிமினித் தீவு ஏறக்குறைய 50 கடல் மைல். கடல் அடங்கியிருந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே ஒன்றிரண்டு இரவு படகிலேயே தூங்கிவிட்டு, திரும்பும்போதும் அதே வேகத்தில் வரவேண்டும் என்பவர்களுக்கானது இந்தக் குறிப்பு. மூன்று இரவுக்கு மேல் என்றால் 10, 11 அடி அகலமுள்ள வேறு படகைப் பாருங்கள். இதை வீடாக்க முயன்றால் வீடாகவும் இருக்காது, ஓடவும் ஓடாது.

முதலில் எடைக் கணக்கு. ஒரே குதிரைத்திறனில் எடை 10 விழுக்காடு கூடினால் வேகம் ஏறக்குறைய 5 விழுக்காடு குறையும். 4,500 கிலோ படகில் 150 கிலோ சாமான் ஏற்றினால், மணிக்கு 70 மைல் ஓடுவது 69 ஆகும், அவ்வளவுதான். பெட்ரோல் ஒரு கேலன் 2.75 கிலோவுக்குச் சற்றுக் கூட. அந்த 150 கிலோ என்பது 54 கேலன் பெட்ரோலின் எடை. அந்த ஒரு மைலுக்காகத் தலையணையைக் கரையில் விட்டுவிட்டு, டாங்க்கை வழிய வழிய நிரப்பிக்கொண்டு போவதில் பொருளில்லை. போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று எரிபொருளைக் கணக்கிடுங்கள். முழு வேகத்தில் 10 குதிரைத்திறனுக்கு மணிக்கு ஒரு கேலன் என்று வைத்துக்கொள்ளலாம்: 850 குதிரைத்திறனுக்கு 85 கேலன்.

உண்மையான கேடு எடை எவ்வளவு என்பதில் இல்லை, எங்கே உட்காருகிறது என்பதில்தான். படுக்கை இருப்பது அணியத்தில், அதாவது படகின் முன்முனையில். எல்லோரும் சாமானை அங்கேதான் திணிப்பார்கள். 100 கிலோ அங்கே ஏறினால் மூக்கு தாழும், அலையின் முதுகைக் குத்தும், திரும்பும்போது பின்புறம் வழுக்கி விலகப் பார்க்கும். டிரைவை, அதாவது பின்னால் புரொப்பெல்லர் உள்ள பகுதியை, மேலே தூக்கிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். அப்படித் தூக்கினால் படகு தவ்வத் தொடங்கும். அதனால் தண்ணீர், ஐஸ் பெட்டி, பேட்டரி எல்லாம் பின் இருக்கைக்கு அருகே தரையோடு தரையாக, இடம் வலம் சமமாக. அணியத்தில் துணியும் படுக்கையும் மட்டும், துணிப் பையில் கட்டி. கண்ணாடிப் பாட்டில், டப்பா, சமையல் பாத்திரம் எதுவும் கேபினில் தளர்வாகக் கிடக்கக் கூடாது. இரண்டடி அலையில் 50 மைல் வேகத்தில் ஓடினால் எல்லாம் எறிகல்லாகும். ஓடும்போது ஆளும் அங்கே படுக்கக் கூடாது. படகில் குத்து அதிகம் விழுவது அணியத்தில்தான், முதுகெலும்பே முறியலாம்.

சுகம் என்பதில் பாதி, நங்கூரம் போடும் இடத்தில் இருக்கிறது. 24 டிகிரி சரிவுள்ள ஆழ ‘வி’ வடிவ அடிப்பாகம் அலையை வெட்டுவதற்குப் பிறந்தது. 1960-இல் மயாமி–நசாவ் பந்தயத்தை ‘மொப்பி’ என்ற ஆழ ‘வி’ படகு வென்றதிலிருந்து இந்த வடிவத்துக்குத்தான் மவுசு. ஆனால் நிற்கும்போது அதே வடிவம் தொட்டிலாக ஆடும். அடிப்பாக விளிம்பில் சிற்றலை அடிக்கிற ‘டப் டப்’ சத்தம் படுத்தவர் காதுக்கு ஒரு சாண் கீழே கேட்கும். இதற்குக் கருவி தேடுவதைவிட, காற்றுக்கும் அலைக்கும் மறைவான இடம் தேடுவது மேல். பிமினிக்குத் தெற்கே கன் கே என்ற சிறு தீவின் வடமுனையில் இருக்கும் ஹனிமூன் துறை நல்ல மணல்தரை. ஆனால் வாடைக்காற்று எழுந்தால் அங்கே நிற்க முடியாது. அதே காற்று, வடக்கு நோக்கி ஓடும் வளைகுடா நீரோட்டத்தை எதிர்த்து வீசி, நடுக்கடலில் செங்குத்தான அலைகளை எழுப்பும். அந்த நாளில் திரும்புகிற பேச்சே வேண்டாம். காற்று முன்னறிவிப்பைப் போகும் நாளுக்கு மட்டுமல்ல, திரும்பும் நாளுக்கும் பாருங்கள்.

நங்கூரத்தில் எடையைக் குறைக்க நல்ல வழி இருக்கிறது. 33 முதல் 38 அடிப் படகுக்கான ஃபோர்ட்ரெஸ் எஃப்எக்ஸ்-16 என்ற அலுமினிய நங்கூரம் நாலரைக் கிலோதான். மணலில் இரும்பைவிட நன்றாகவே பிடிக்கும். 7 மீட்டர் கால் அங்குலச் சங்கிலி, அதன்பின் அரை அங்குல நைலான் கயிறு. ஆழம் 2 மீட்டர், அணியத்தின் உயரம் 1 மீட்டர், கடல் நீர் ஏற்றத்துக்கு 1 மீட்டர், மொத்தம் 4. அதை ஏழால் பெருக்கி 28 மீட்டர் விடுங்கள். இந்த வகை நங்கூரத்துக்கு ஒரு குறை உண்டு: ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம், திரும்பிப் படகு மறுபக்கம் சுழலும்போது பிடுங்கிக்கொண்டு, மறுபடி ஊன்றாமல் போகலாம். ஓதம் மாறும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து பாருங்கள்; கைப்பேசியின் நங்கூர அலாரமும் ஓடட்டும்.

இந்தப் படகுகளில் முன்தளம் வழுக்கும், பிடிக்கக் கம்பியும் கிடையாது. அதனால் பலர் சோம்பலில் கயிற்றை அமரத்தில், அதாவது பின்பக்கத்தில் கட்டிவிடுகிறார்கள். படகு மூழ்குவது இப்படித்தான். பின்சுவர் தாழ்வு, தாண்டி வருகிற அலை நேரே என்ஜின் அறைக்குள் இறங்கும். கேபினின் மேல்மூடி வழியாக இடுப்புவரை வெளியே வந்து நின்று அணியக் கொக்கியில் கட்டலாம். கழற்றி வைக்கும் விளக்குக் கம்பத்தைக் கரையிலேயே மறந்துவிடாதீர்கள். இரவில் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு எரியவேண்டும்.

இனி தூக்கம். மெத்தை உறை வினைல். அடியில் வியர்வையும் பனியும் தேங்கி விடியும்போது நனைந்திருக்கும். ஒரு வலைவிரிப்பும் அதன்மேல் காற்றடைக்கும் மெத்தையும் போதும், இரண்டும் சேர்ந்து மூன்று கிலோ வராது. தலையை அகன்ற பக்கம் வையுங்கள்; குறுகிய முனையில் இருவர் தலை வைத்தால் இருவருக்கும் தூக்கம் இல்லை. மேல்மூடியில் துணிக் காற்றுவாரி ஒன்றைக் கட்டினால் மின்விசிறியே தேவைப்படாத இரவுகளும் உண்டு. சாதாரணக் கொசுவலையின் கண்ணில் மணல் ஈ நுழைந்துவிடும். அதற்கென்று விற்கும் நெருக்கமான வலை வேண்டும். அலையாத்திக் காட்டிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

ஏசி வேண்டுமென்றால் மரீனாவில் (படகுத்துறையில்) கட்டிக் கரை மின்சாரம் எடுங்கள். பின்பலகையில் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை வைத்து ஏசி ஓட்டுவது கொலைக்குச் சமம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அமரத்தில் கிளம்பும் புகை திரும்பி வந்து கேபினில் தேங்கும். பக்கத்துப் படகின் ஜெனரேட்டரும் அதைச் செய்யும். படகுக்கென்று தயாரித்த மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கைக்கு அருகே பொருத்தாமல் ஒரு இரவுகூடத் தங்காதீர்கள்.

மின் கணக்கு: கம்ப்ரசர் வைத்த சிறு ஃப்ரிட்ஜ் வெயிலில் ஒரு நாளைக்கு 40 முதல் 60 ஆம்பியர்-மணி குடிக்கும். அரை ஆம்பியருக்குள் ஓடும் இரண்டு விசிறிகள் இரவு முழுக்க 8 முதல் 10. எல்இடி நங்கூர விளக்கு 3. ஃப்ரிட்ஜை விட்டு ஐஸ் பெட்டிக்கு மாறினால் பேட்டரிப் பிரச்சினையே இல்லாமல் போகிறது. ஓரிரவுக்கு அதுதான் சரி. ஃப்ரிட்ஜ் வேண்டுமென்றால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 12, 13 கிலோ. அதே அளவு ஏஜிஎம் என்ற ஈய-அமில பேட்டரி 30 கிலோ, அதிலும் பாதியைத்தான் பயன்படுத்தலாம். லித்தியத்தை, என்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்காமல் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வழியாகக் கொடுங்கள். பேட்டரி திடீரென்று தன்னைத் துண்டித்துக்கொண்டால் ஆல்டர்னேட்டர் கருகும். அந்தச் சார்ஜரைப் பெட்ரோல் என்ஜின் அறைக்குள் வைக்க வேண்டாம். ஒரு தீப்பொறி போதும். ஸ்டார்ட்டர் பேட்டரி தனியாகவே இருக்கட்டும், அடிநீர் பம்ப்பும் அதோடு. மற்றதெல்லாம் தீர்ந்தாலும் பம்ப் ஓடவேண்டும்.

கழிவறைக்கு 5 கேலன் கொள்ளும் கையடக்கப் பெட்டி. பட்டை போட்டுக் கட்டி, ஓடுவதற்குமுன் காலி செய்யவேண்டும். அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் கடலில் கொட்டுவது சட்டப்படி குற்றம். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், சிறு பாட்டில்களில்.

காலையில் மெத்தையின் காற்றை இறக்கி, எல்லாவற்றையும் கட்டியபின் என்ஜின் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். இரவெல்லாம் ஆடியதில் எங்காவது குழாய் கசிந்திருக்கலாம். பெட்ரோல் மணம் இல்லையென்றால் என்ஜின் அறை ஆவியை வெளியேற்றும் புளோயரை 4 நிமிடம் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். கோடையில் பிற்பகல் இடிமழை வரும். அதற்குமுன் நீரோட்டத்தைத் தாண்டிவிடும்படி கிளம்புங்கள்.