'ஸோ வாட்': ஒரு மோடல் ஜாஸ் இசையைக் கேட்டுப் பிரித்தறிதல்

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவினர் 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவு செய்த 'ஸோ வாட்', ஓரிரு சுரவரிசைகளை (மோடுகளை) அடிப்படையாகக் கொண்ட மோடல் ஜாஸைப் பழகத் தொடங்குவோருக்கு மிகவும் ஏற்றது. அதற்கு முந்தைய ஜாஸ் பாணியான பீபாப் இசையில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) விரைந்து மாறிக்கொண்டே இருக்கும். இதிலோ ஒரே சுரவரிசை பல பார்களுக்கு (பார் என்பது நான்கு தட்டுகள் கொண்ட தாள அலகு) அசையாமல் நிற்கிறது. கீபோர்டு ஒன்று அருகில் இருந்தால் நல்லது.

முதலில், டி சுரத்திலிருந்து (இரட்டைக் கறுப்புக் கட்டைகளுக்கு நடுவிலுள்ள வெள்ளைக் கட்டை) மேல் டி வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். இதுவே டோரியன் மோடு. டி சுரத்தை ஸட்ஜமாகக் கொண்டால் இவை கரகரப்பிரியாவின் சுரத்தானங்களே. ஆயினும் கமகமோ ராகத்துக்குரிய பிடிகளோ இங்கே இல்லை என்பதால், ஒப்புமையை அந்த அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்து, தாளக்கட்டற்ற முன்னுரை முடிந்ததும் பால் சேம்பர்ஸின் பேஸ் (தாழ்ந்த ஒலியுள்ள பெரிய தந்திக் கருவி) தனியாகத் தொடங்கும் மெட்டைக் கவனியுங்கள். மெட்டைப் பேஸுக்குக் கொடுத்ததே இந்த இசையின் பெரும் துணிவு என்பது என் கருத்து. பேஸின் ஒவ்வொரு வினாவுக்கும் பியானோ இரண்டு கார்டுகளில் விடை சொல்கிறது. முதல் கார்டைக் கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி என வாசித்துப் பாருங்கள். பின்பு ஐந்து விரல்களையும் ஒரு வெள்ளைக் கட்டை கீழே இறக்கினால் இரண்டாவது கார்டு கிடைத்துவிடும். வழக்கமான கார்டுகளைப் போல மூன்றாம் சுர இடைவெளிகளால் (நடுவே ஒரு சுரம் விட்டு) அடுக்காமல், பெரும்பாலும் நான்காம் சுர இடைவெளிகளால் (நடுவே இரண்டு சுரம் விட்டு) அடுக்கியிருப்பதே அந்தத் திறந்த ஒலிக்குக் காரணம்.

இனி வடிவத்துக்கு வருவோம். ஒரு சுற்றுக்கு 32 பார்கள்: 16 பார்கள் டி டோரியன், 8 பார்கள் அரைச்சுரம் உயர்ந்த ஈ-ஃபிளாட் டோரியன், மறுபடியும் 8 பார்கள் டி டோரியன். எண்ணிக்கை தவறிவிடுகிறது என்றால் எளிய வழி ஒன்று உண்டு: டி சுரத்தை வாய்மூடி விடாமல் முனகிக்கொண்டே கேளுங்கள். பதினேழாவது பாரில் உங்கள் குரல் திடீரென்று இசையோடு உரசும். ஏனெனில் புதிய மோடில் அந்தச் சுரமே இல்லை. எட்டு பார்கள் கழித்து உரசல் தானாக அடங்கிவிடும். (1990களுக்கு முந்தைய வெளியீடுகளில் ஒலிநாடாவின் வேகக் கோளாற்றால் சுருதி சற்று ஏறி இருக்கும், கீபோர்டோடு சேரவில்லை என்றால் உங்கள் காதின் மேல் பழி போட வேண்டாம்.)

கடைசியாக, தனி வாசிப்புகளை ஒப்பிடுங்கள். மைல்ஸ் சில சுரங்களை வைத்துவிட்டு நிறைய இடம் விடுகிறார். ஜான் கோல்ட்ரேன் அதே இடத்தைச் சாக்ஸஃபோனால் நெருக்கி நிரப்புகிறார். இருவருக்கும் இரண்டிரண்டு சுற்றுகள்தாம். இன்னொரு சாக்ஸஃபோன் கலைஞரான கேனன்பால் ஆடர்லிக்குப் பின் பில் எவன்ஸ் பியானோவில் தனித்து வாசிக்கும்போது, முன்பு அவர் சொன்ன அதே இரு கார்டு விடையை ஊதுகருவிகள் பின்னாலிருந்து அவருக்கே திருப்பிச் சொல்கின்றன.