கிளினிக்கல் டிரையல் கோஆர்டினேட்டர்: ஆள் எடுப்பதும் தக்கவைப்பதும்

மருத்துவமனையில் நடக்கும் மருந்து ஆய்வில் நோயாளிக்கு நன்றாகத் தெரிந்த முகம் கோஆர்டினேட்டருடையதுதான். ஆய்வில் இருக்கும் நோயாளிக்குத் தீவிரப் பாதகம் நேர்ந்தால், இந்தியாவின் 2019ஆம் ஆண்டு புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் மத்திய உரிம அதிகாரி, ஸ்பான்சர் (ஆய்வை நடத்தச் சொல்லும் மருந்து நிறுவனம் போன்றவர்), ஆய்வுக்கு ஒப்புதல் தந்த நெறிமுறைக் குழு மூவருக்கும் தகவல் போக வேண்டும். பொறுப்பு ஆய்வை நடத்தும் மருத்துவரான ஆய்வாளருடையது, ஓடியாடிச் செய்பவர் கோஆர்டினேட்டர். அதனால் ஸ்பான்சருடன் ஒப்பந்தப் பேச்சு தொடங்கும்போதே ஆள் தேடத் தொடங்குங்கள். சைட் இனிஷியேஷன் விசிட்டுக்கு (ஸ்பான்சர் தரப்பு வந்து மருத்துவமனையில் ஆய்வைத் தொடங்கிவைக்கும் நாள்) முந்தைய வாரம் சேர்ந்தவர், புரோட்டோகாலை (ஆய்வின் செயல்திட்ட ஆவணம்) படித்து முடிப்பதற்குள் முதல் நோயாளி வந்துவிடுவார்.

ஃபார்ம்.டி., பி.ஃபார்ம்., நர்சிங் படித்தவர்கள் விண்ணப்பிப்பார்கள். பட்டத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். இரண்டு சோதனை வையுங்கள்.

முதலாவது, கற்பனை நோயாளி ஒருவரின் குறிப்புத்தாளில் வேண்டுமென்றே பிழைகள் வைத்துக் கொடுங்கள். ஒப்புதல் கையெழுத்து 12ஆம் தேதி, ஸ்கிரீனிங்குக்கு, அதாவது ஆய்வில் சேரத் தகுதி உண்டா என்று பார்க்க, ரத்தம் எடுத்தது 11ஆம் தேதி. ரத்த அழுத்த எண் ஒற்றைக் கோடு, சுருக்கொப்பம், தேதி எதுவும் இல்லாமல் மேலெழுதித் திருத்தப்பட்டிருக்கிறது. ஈசிஜி எடுத்த நேரம் இல்லை. இருபது நிமிடம் கொடுங்கள். தேதி முரணைக் கண்டுபிடிக்காத ஆளை எடுக்க வேண்டாம். ஒப்புதலுக்கு முன் ரத்தம் எடுப்பது நோயாளியின் உரிமையை மீறுவது.

இரண்டாவது, ‘மருந்தா, பிளாசிபோவா (மருந்தில்லாத போலி மாத்திரை) என்பது குலுக்கல் முறையில் முடிவாகும்’ என்பதை நோயாளியின் அம்மாவிடம் சொல்வதுபோல் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘உங்களுக்கு நல்ல மருந்துதாம்மா கிடைக்கும்’ என்று தைரியம் சொல்பவர் அன்பானவராக இருக்கலாம், இந்த வேலைக்கு ஆபத்தானவர்.

எடுத்தவர் ஏன் போகிறார்? ஓரளவு பழகியதும் சிஆர்ஓ கம்பெனிகள் (ஸ்பான்சருக்காக ஆய்வுப் பணிகளைச் செய்துகொடுப்பவை) மானிட்டர் வேலைக்கு, அதாவது மருத்துவமனைகளில் ஆய்வு சரியாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் வேலைக்கு, அழைக்கும். அந்தச் சம்பளத்தோடு எல்லா மருத்துவமனையும் போட்டிபோட முடியாது. ஆனால் பலர் விலகுவதற்குக் காரணம் நிச்சயமின்மை: சம்பளம் ஒரே ஆய்வோடு கட்டப்பட்டிருக்கும், நோயாளி சேர்க்கை நின்றால் வேலையும் நிற்கும். இதை ஸ்பான்சருடன் போடும் ஒப்பந்தத்திலேயே சரிசெய்யலாம். திரும்பக் கேட்காத தொடக்கக் கட்டணம், ஸ்கிரீனிங்கில் தகுதி பெறாதவர்களுக்கும் தொகை, முடிப்புப் பணிக்கும் ஆவணக் காப்புக்கும் தனித்தொகை ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எல்லா ஆய்வுப் பணத்திலிருந்தும் ஒரு பங்கைப் பொதுநிதியாக வைத்து, ஆய்வில்லாத மாதங்களிலும் அதிலிருந்து சம்பளம் கொடுங்கள்.

வேலைப்பளுவை ஆய்வுகளின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். விசிட்களை மணிக்கணக்கில் கூட்டுங்கள். ஒப்புதல் விளக்கம், சாம்பிளைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி டிரை ஐஸில் அனுப்புவது என்று ஒரு ஸ்கிரீனிங் விசிட்டே அரை நாளை எடுத்துக்கொள்ளும். ஈடிசி (ஆய்வுத் தரவைப் பதியும் கணினி அமைப்பு) பதிவையும் அதில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதையும் கணக்கில் சேர்க்க மறந்தால் அவை இரவு வேலையாகிவிடும். ஓபி சீட்டு எழுதும் வேலையையும் அவர் தலையில் கட்டாதீர்கள். சீனியர் கோஆர்டினேட்டர், சைட் மேனேஜர் பதவிகளுக்கு என்ன தகுதி, எப்போது பரிசீலனை என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள்.

ஒவ்வொரு ஆய்வுக்கும் இரண்டாவதாக ஒருவரைப் பயிற்றுவித்துப் பொறுப்பளிப்புப் பதிவேட்டில் (யாருக்கு எந்த ஆய்வுப் பணி என்று எழுதும் ஏடு) சேர்த்து வையுங்கள். ஒருவர் விலகும்போது அவருடைய கடைசித் தேதியை அதில் எழுதி, ஈடிசி அனுமதியை அன்றே மூடுங்கள். புதியவர் பழையவரின் பாஸ்வேர்டில் ‘ரெண்டு நாளைக்கு மட்டும்’ நுழைந்தால், யார் எதைப் பதிந்தார் என்று பிறகு எவராலும் நிரூபிக்க முடியாது. பயிற்சிச் சான்றும் ஆய்வாளரின் கையெழுத்தும் விழும்வரை, புதியவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஒப்புதல் படிவத்தைத் தொட வேண்டாம்.